‘விதி’ என்பது எதிரியின் வக்கீல்

(ஒரு நெசவாளர் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இந்த விழாவில், அடிபட்டவர்களுக்காகவும், வைத்தியத்தில் கெடுதி அடைந்தவர்களுக்காகவும் கோர்ட்டில் வழக்காடுவதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று வாலிபத் தோழர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நாம் வக்கீல் அல்ல. சட்டப் பரீட்சை எதிலும் தேறியவரும் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இதுபோன்ற வாசகசாலைகளில் கைக்குக் கிடைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டதே நமது படிப்பு. ஆகையால் நாம் சொல்லுவதில் தப்பிருந்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வக்கீல் தோழர்கள் தயவுசெய்து எழுந்து திருத்தலாம். நாம் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

வக்கீல் அல்லாத நமக்கு இந்த விஷயத்தில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் நமது தமையனாருடைய இடதுகைக் கட்டைவிரல்.

1994ஆம் வருஷத்தில் அவர் ஒரு அரிசி மில்லில் கூலிக்கு இருந்தார். நமக்கு அப்பொழுது பதினாலு வயது. ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் அவர் கை சிக்கி, கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. அந்தப் பெல்ட்டுக்கு மறைப்புக் கிடையாது. ஒரு கம்பி வலை போட்டிருந்தால் போதும். அன்றைய விலைக்கு நூறு இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகியிராது. மூன்றாம் நாள் மில் முதலாளி ஆரஞ்சுப்பழமும் 1,500 ரூபாயும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் குமாஸ்தா ஒரு முத்திரைக் காகிதம் கொண்டுவந்தார். “இனி எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை” என்று அதில் எழுதியிருந்ததாம். நமது தமையனாருக்குக் கையெழுத்துத் தெரியாது. ஆண்பிள்ளையிடம் இடது கட்டைவிரல் ரேகை வாங்குவதுதான் வழக்கம். அந்த விரல்தான் இல்லையே! ஆதலால் வலது கட்டைவிரலை மையில் தேய்த்து ரேகை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் இருந்த பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “முதலாளி தங்கமானவர். வீடு தேடி வந்தாரே! இவனுக்கு ஏழரைச் சனி, கையோடு போகவேண்டியது விரலோடு போயிற்று” என்றார்கள். ஜோசியர் அதை ஆமோதித்தார். 1,500 ரூபாயில் 600 ரூபாய் சனிப் பரிகாரத்துக்குப் போயிற்று. சனி தொலைந்தாரோ இல்லையோ, பணம் தொலைந்தது.

பதினோரு வருஷம் கழித்து, ஒரு வாசகசாலையில் பழைய சட்டப்புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபொழுதுதான் நமக்கு விஷயம் தெரிந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று 1923லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, ஒரு சட்டம் இருந்திருக்கிறது. வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று அது சொல்லுகிறது. அதன் பின்னால் ஒரு அட்டவணை. கட்டைவிரல் போனால் சம்பாத்திய சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம். ஒரு கையில் நாலு விரல் போனால் 50 பங்கு. இப்படி விரல் விரலாக எண்ணி அச்சடித்திருக்கிறான்! அதைவிடப் பெரிய வேடிக்கை, அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு: நஷ்டஈடு வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆக, அந்த ரேகைக் காகிதம் அன்றைக்கே செல்லாத காகிதம்! ஆனால் மனுப்போட இரண்டு வருஷந்தான் கெடு. நமக்குத் தெரிந்ததோ பதினோரு வருஷம் கழித்து.

தோழர்களே! இதில் யார் நம்மைத் தோற்கடித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதலாளியின் காகிதமா? அது சட்டத்தின்முன் செல்லாது. முதலாளியின் வக்கீலா? அவர் ஒரு வக்கீலும் வைக்கவில்லை. வைக்கவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ‘விதி’ என்கிற வக்கீல் ஒரு காசு பீஸ் வாங்காமல், நமது வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு, நமது பாட்டியின் வாயாலும் ஜோசியர் வாயாலும் அவருக்காக வாதாடி ஜெயித்துக் கொடுத்துவிட்டது! பெல்ட்டுக்கு மறைப்புப் போடவேண்டிய கடமை சனிக்கா, மில்காரருக்கா என்று ஒருவராவது கேட்கவில்லை.

இங்கே ஒரு சங்கதி சொல்லவேண்டும். சட்டத்திலும் ‘தெய்வச் செயல்’ என்று ஒரு வாதம் உண்டு. இங்கிலீஷ்காரன் சட்டத்திலிருந்து வந்தது. பெருவெள்ளம், பூகம்பம்போல மனிதன் முன்கூட்டி அறிந்து தடுக்கமுடியாத காரியத்தால் நஷ்டம் வந்தால் பிரதிவாதி தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கோர்ட்டில் அதை வாயால் சொன்னால் மட்டும் போதாது; சாட்சி கொண்டுவந்து ரூபித்தாக வேண்டும். கோர்ட்டில் கடவுள் செயலுக்குக்கூடச் சாட்சி கேட்கிறார்கள். நம் வீட்டில்தான் கேட்பதில்லை.

சரி, அடிபட்டவனுக்கு வக்கீல் என்ன செய்கிறார்? ‘தலையெழுத்து’ என்று ஊரார் சொல்லுவதை எடுத்து, யார், எப்பொழுது, எந்தக் கடமையைச் செய்யாமல் விட்டார்கள், அதனால் எவ்வளவு நஷ்டம் என்று நாலு கேள்விகளாக ஆக்குகிறார். இதைச் சரியாகச் செய்கிறவர் நல்ல வக்கீல். கோர்ட்டில் மேஜையைத் தட்டிச் சத்தம் போடுகிறவர் அல்ல.

ரோட்டு விபத்தை எடுத்துக்கொள்ளுவோம். ஒரு கொத்தனார், 35 வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறவர், லாரி மோதி இறந்துபோனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் இருக்கிறார்கள். காரியம் முடிவதற்குள் தரகர் ஒருவர் வந்து “ஐம்பதாயிரம் வாங்கித் தருகிறேன், கையெழுத்துப் போடு” என்பார். சுப்ரீம் கோர்ட்டு 2009லும் 2017லும் கொடுத்த தீர்ப்புகளின்படி கணக்கைப் பாருங்கள். வருஷ வருமானம் 1,80,000. நாற்பது வயதுக்கு உட்பட்ட சொந்தத் தொழில்காரருக்கு வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் 2,52,000. அவரை நம்பியிருப்பவர்கள் நாலு பேர் ஆனதால் அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,89,000. 35 வயதுக்குப் பெருக்கவேண்டிய எண் 16. ஆக 30,24,000 ரூபாய்! சவ அடக்கச் செலவு முதலியவை இதற்குமேல். ஐம்பதாயிரம் எங்கே, முப்பது லட்சம் எங்கே? நடுவில் இருப்பது நாலாம் வகுப்புக் கணக்குத்தானே! இந்தக் கணக்கை ஏன் ஒரு பஞ்சாங்கத்திலாவது அச்சடிக்கவில்லை?

இறக்காமல் கை கால் போனவனுக்கும் கணக்கு உண்டு. டாக்டர் “நூற்றுக்கு இத்தனை ஊனம்” என்று சர்டிபிகேட்டு கொடுப்பார். அதோடு நின்றுவிடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2010இல் சொல்லியிருக்கிறது. இடதுகை போன தச்சனுக்கும், வண்டி ஓட்டுகிறவனுக்கும் ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போயிற்று. அதே கை போன சர்க்கார் குமாஸ்தாவுக்கு உத்தியோகம் நிற்கலாம். உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு. தறி நெய்கிற கைக்கு விரல் என்றால் என்ன என்பதை நீதிபதிக்கு எடுத்துக்காட்டவேண்டியது வக்கீலின் வேலை. அதற்கு அவர் உங்கள் தறிக்கூடத்துக்கு ஒரு தரமாவது வந்து பார்க்கவேண்டும். பார்க்க வராத வக்கீல் எதைக் காட்டப்போகிறார்?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுவேலை செய்யும் பெண் விபத்தில் இறந்தால், “அவள் சம்பாதிக்கவில்லையே, நஷ்டம் என்ன?” என்று இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் வாதாடி வந்தார்கள். 2001ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர், சிறைக்கைதி முதலியவர்களோடு சேர்த்து ‘வேலை செய்யாதவர்கள்’ என்ற தலைப்பில் எழுதியிருந்தார்கள். இதை 2010இல் சுப்ரீம் கோர்ட்டே ஒரு விபத்து வழக்கில் கண்டித்து, அவர்கள் உழைப்புக்கு மதிப்புப் போடவேண்டும் என்று சொல்லிற்று. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இரவு பத்து மணிவரை உழைக்கிறவள் ‘வேலை செய்யாதவள்’. அவள் வடித்த சோற்றைத் தின்றுவிட்டுக் கணக்கு எழுதினவன் வேலை செய்தவன்! அவள் செத்த பிறகாவது மதிப்புப் போட்டார்களே என்று சந்தோஷப்படுவதா, உயிரோடு இருக்கும்பொழுது ஏன் போடவில்லை என்று கேட்பதா? இரண்டையும் செய்யுங்கள்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். இது கடினமான இடம். ரோட்டில் நடந்ததைப் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். ஆப்பரேஷன் அறையில் நடந்ததை யார் பார்த்தார்கள்? பார்த்தவர்கள் எல்லோரும் டாக்டரின் ஆட்கள், நோயாளியோ மயக்கத்தில். அதோடு, டாக்டர் தப்புச் செய்தாரா என்று இன்னொரு டாக்டர்தான் சொல்லவேண்டும். ஒரு தொழில்காரர் தம் கூட்டாளிக்கு விரோதமாகச் சாட்சி சொல்ல இலேசில் வரமாட்டார். இது டாக்டர்களுக்கு மாத்திரம் உள்ள குணம் என்று நாம் சொல்லவில்லை. எல்லாச் சாதித்தொழிலிலும், எல்லாக் கூட்டத்திலும் உண்டு.

இருந்தாலும் சில காரியங்கள் தாமே சாட்சி சொல்லும். அவுரங்காபாத் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 1963இல் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷன் செய்தார்கள். வயிற்றுக்குள்ளே ஒரு துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனாள். வயிற்றுக்குள் துணி போனதற்கு விதியா காரணம்? சுப்ரீம் கோர்ட்டு சர்க்காரே பொறுப்பு என்று சொல்லி, கீழ்க்கோர்ட்டு கொடுத்த 36,000 ரூபாயை உறுதிசெய்தது. எப்பொழுது? 1996இல்! முப்பத்துமூன்று வருஷம்! ஜெயித்தது நியாயம், அதற்குள் தாயில்லாத பிள்ளைகள் நடுவயதை எட்டியிருப்பார்கள்.

நமது சென்னையிலேயே எழும்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 1996இல் மாதம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணின் உட்திரை கெடுகிற வியாதி வரலாம். சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் தடுக்கலாம். இதைப் பெற்றோருக்கு ஒருவரும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பார்வை போயிற்று. “போன ஜன்மத்துப் பாவம்” என்று சொல்ல நம் நாட்டில் ஆள் இல்லாமலா போயிருக்கும்? ஆனால் தகப்பனார் விடவில்லை. முதலில் 5 லட்சம் என்று தீர்ப்பாயிற்று. அதற்குமேல் போய் வழக்காடி, 2015இல் சுப்ரீம் கோர்ட்டு, வருங்கால வைத்தியச் செலவை விலைவாசி ஏற்றத்தோடு கணக்குப்போட்டு 1 கோடியே 38 லட்சமும், ஏற்கெனவே ஆன செலவையும் கொடுக்கும்படி உத்தரவிட்டது. பணம் பார்வையைத் தராது. என்றாலும், குழந்தையின் பாவம் அல்ல, பெரியவர்களின் அசட்டை என்று நாட்டின் மேலான கோர்ட்டில் எழுதிவைத்தாயிற்று அல்லவா? அந்தக் குழந்தைக்கு அதுவும் ஒரு சொத்து.

இன்னொன்று. டில்லியில் ஒரு பெண், வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று கருவி விட்டுப் பார்ப்பதற்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்பொழுது, வெளியே உட்கார்ந்திருந்த தாயாரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லாதபொழுது, வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவள்தான் எஜமானி, தாயார் சம்மதம் செல்லாது என்று 2008இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. நஷ்டஈடு என்னவோ 25,000 ரூபாய்தான். ஆனால் சொன்ன விஷயம் விலை பெற்றது. தகப்பன் சம்மதம், புருஷன் சம்மதம், பிள்ளை சம்மதம் என்றே பழகிப்போன நம் ஜனங்களுக்கு இது புதிய பாடம்.

இவ்வளவும் சொன்னதால், ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் எல்லோரையும் டாக்டர்தான் கொன்றார் என்று நாம் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல டாக்டர் கையிலும் நோயாளி இறப்பதுண்டு. அந்தத் தொழிலில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் எவ்வளவு கவனம் எடுத்துக்கொள்ளுவாரோ அவ்வளவு எடுத்துக்கொண்டாரா என்பதுதான் கேள்வி. குணமாகவில்லை என்பது மாத்திரம் குற்றமாகாது. டாக்டர்மேல் கிரிமினல் வழக்குப் போடுவதானால் அசட்டை மிகவும் மோசமானதாக இருக்கவேண்டும் என்றும், போலீசார் முதலில் வேறொரு டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும் என்றும் 2005இல் சுப்ரீம் கோர்ட்டு விதித்திருக்கிறது. இது நியாயமே என்பது நமது அபிப்பிராயம். நம் ஜனங்களோ, பிழைத்தால் டாக்டரைக் கடவுள் என்று காலில் விழுகிறார்கள். செத்தால் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைக்கிறார்கள். இரண்டும் ஒரே மூடநம்பிக்கைதான். அவர் கடவுளும் அல்ல, எமனும் அல்ல. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யும் மனிதர். வேலையைச் சரியாகச் செய்தாரா என்று கணக்குக் கேளுங்கள். கல்லை எடுத்தவனிடம் கணக்குக் கேட்கும் யோக்கியதை போய்விடுகிறது.

டாக்டர்களைப்பற்றிப் பேசிவிட்டு வக்கீல்களை விட்டுவிட்டால் நாம் பட்சபாதம் செய்தவர்கள் ஆவோம். கூலி வாங்கும் டாக்டர்களை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று 1995இல் தீர்ப்பாயிற்று. வக்கீல்களை அப்படி இழுக்கக்கூடாது என்று 2024இல் தீர்ப்பாயிற்று! வேறு வழிகளில் அவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்பது வாஸ்தவம். ஆனாலும், தீர்ப்புச் சொன்னவர்களும் முன்னாளில் வக்கீல்களாக இருந்தவர்கள்தானே என்று கிராமத்தான் ஒருவன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்லுவது?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தும் வக்கீல்கள், ஜெயித்தால் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குபோல எடுத்துக்கொள்ளுவதும், தோற்றால் பீஸ் வாங்காமல் விடுவதும் சாதாரணம். நம் நாட்டில் வரும் பணத்தில் பங்கு பேசக்கூடாது என்று வக்கீல்களின் விதியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் ஆஸ்பத்திரி வாசலில் தரகர்கள் நிற்பதையும், “நாலில் ஒன்று எனக்கு” என்று பேரம் நடப்பதையும் நீங்கள் அறியாதவர்கள் அல்ல. பங்கு கேட்பது கூடாது என்பது மாத்திரம் அல்ல. பணம் இல்லாதவன் நல்ல வக்கீலை எப்படி வைத்துக்கொள்ளுவான் என்ற கேள்விக்கும் பதில் வேண்டாமா? 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், மலைசாதியார், ஊனமுற்றோர், ஆலைத்தொழிலாளர் ஆகியவர்களுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் கிடைக்கும். ஜில்லாக் கோர்ட்டிலேயே அதற்கு ஆபீஸ் இருக்கிறது. இங்கு இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (மூன்று பேர் கையைத் தூக்கினார்கள்.) மூன்று பேர்! திருவிழாத் தேதி கேட்டால் முந்நூறு கை தூக்குவீர்கள்.

வக்கீல் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வழக்கு உங்களுடையது என்பதை மறந்துவிடக் கூடாது. போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பரில் அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தமான ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். சில நாட்களுக்குள் அமெரிக்க வக்கீல்கள் ஆகாயக் கப்பலேறி வந்து இறங்கி, ஏழைகளிடம் கைரேகை வாங்கிக்கொண்டு போனார்கள். 1985இல் நம் சர்க்கார் ஒரு சட்டம் செய்து, அவர்கள் எல்லோருக்காகவும் தானே வழக்காடும் உரிமையை எடுத்துக்கொண்டது. நியூயார்க் ஜட்ஜோ 1986இல் “இந்தியாவிலேயே போய் வழக்காடுங்கள்” என்று அனுப்பிவிட்டார். 330 கோடி டாலர் என்று கேட்ட வழக்கை 1989இல் 47 கோடி டாலருக்கு ராஜி பேசி முடித்தார்கள். மூச்சுத் திணறிக் கிடந்தவனை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. அவன் பெயரால் எல்லோரும் பேசினார்கள். அவன் ஒருவன்தான் பேசவில்லை. கூடுதல் பணம் கேட்ட கடைசி மனுவும் 2023இல் தள்ளுபடியாயிற்று.

ஆகவே தோழர்களே, விபத்து நடந்த வீட்டில் நீங்கள் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். ஜோசியரிடம் போவதற்குமுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று டாக்டர்களுக்கு 2002ஆம் வருஷத்து விதி இருக்கிறது. கெடுவைக் கவனியுங்கள்: நுகர்வோர் கோர்ட்டுக்கு இரண்டு வருஷம், ரோட்டு விபத்துக்கு 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தில் ஆறு மாதம் என்று வைத்திருக்கிறார்கள். மோதிய வண்டி எதென்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் கேட்க வழி உண்டு. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத்தில் ராஜி ஆவதற்குமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது. வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். நஷ்டஈடு உங்கள் சொந்த பாங்குக் கணக்குக்கே வரும்படி சொல்லுங்கள். பழைய 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத்தின் சங்கதிகள் இப்பொழுது 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் சேர்ந்திருக்கின்றன. அதையும் இந்த வாசகசாலையில் ஒரு பிரதி வாங்கிவையுங்கள். பெரிய புத்தகந்தான். ஆனால் கட்டைவிரல் அதைவிடப் பெரிது.

நமது தமையனார் இப்பொழுதும் இருக்கிறார். இங்கே வருவதற்குமுன், “உன் கதையைக் கூட்டத்தில் சொல்லலாமா?” என்று கேட்டோம். அவர் சிறிதுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சொல்லு. ஆனால் விரல் போனதைப் பெரிதாகச் சொல்லாதே. ரேகை வைத்தேனே, அதைச் சொல்லு” என்றார். அதைத்தான் சொல்லியிருக்கிறோம்.